புள்ளிநாய்

எங்கள் துறைமுகத்தில் இந்த ஆட்டத்துக்குப் பாதுகி என்று பெயர்.
திட்டுத்திட்டாய் நிறம் கலந்த நாயையும்
அப்படித்தான் கூப்பிடுவோம்.
வாலாட்டும். சில நேரம் கடிக்கும்.

ஆளுக்கு நான்கு சீட்டு, கவிழ்த்து.
மற்ற போக்கரில் கற்றதையெல்லாம்
செருப்போடு வாசலில் கழற்றி வையுங்கள்.
இங்கே ஜோடி சேர்ந்தால் குற்றம்.
ஒரே ஜாதியில் இரண்டு உட்கார்ந்தால்
ஒன்று செல்லாக்காசு.
ராஜா வருவது
வீட்டுக்குள் கடன்காரன் வருவதைப் போல.
நான்கும் நான்கு ஜாதி, நான்கும் நான்கு எண்,
எல்லாம் பொடிசாக:
ஆஸ், இரண்டு, மூன்று, நான்கு.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை,
அதனால் அதற்கு மேலேயும்.

மாற்றிக்கொள்ள மூன்று வேளை.
காலை, மதியம், மாலை என்போம்,
சுவர்க் கடிகாரம் இரவு இரண்டைக் காட்டினாலும்.
வேண்டாததைத் தள்ளு, தள்ளிய கணக்குக்கு வாங்கு,
ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் பந்தயம்.
பந்தயம் என்றால் வறுத்த கணவாய்க் கால்.
காசு வைக்க முடியாது, பானின் மைத்துனன்
காவலறையில் இருக்கிறான்.

அன்று காற்று பலமாக இருந்ததால் கிரேன்களை நிறுத்திவிட்டார்கள்.
புசானின் லாரிகள் எல்லாம் எங்கள் வாசலில்
வந்து உறங்குவது போலிருந்தது.
ஹீட்டரைச் சுற்றி நால்வர்:
கப்பல் கயிறு கட்டும் மா சொன்-ரே,
சீட்டுப் போடும்போது நாக்கைக் கடிக்கும் பான் கியோங்-ஹோ,
லாரிக்காரர் பியோ தொக்-சு,
குளிர்பெட்டிகளின் வெப்பம் பார்த்து எழுதும் நான்.

என் கையில் இஸ்பேடு ஆஸ், டைமன் இரண்டு, ஆர்ட்டின் மூன்று.
கூடவே ஒட்டிக்கொண்டு ஓர் ஆர்ட்டின் ராணி.

காலை. ராணியைத் தள்ளினேன், கிளாவர் ராஜா வந்தான்.
நான்கு ஜாதியும் கூடிவிட்டது.
முழு நாய்தான். ஆனால் கிழட்டு நாய்.
மூன்றுகால் நாய் எதுவானாலும் இதனிடம் தோற்கும்,
நான்குகால் நாய் அநேகமாய் எல்லாமே இதைக் கடிக்கும்.

தொக்-சுவைப் பார்த்தேன்.
"எத்தனை?" என்று பான் கேட்டான்.
"போதும்," என்றார். ஒன்றையும் மாற்றவில்லை.

எனக்கு பயம். மதியம் ராஜாவை விரட்டினேன்.
வந்தது இஸ்பேடு ஏழு.
அவர் மறுபடியும், "போதும்."
மாலை. ஏழைத் தள்ளினேன்.
நான்கு வந்தது! டைமன் நான்கு.
எண் சரி, ஜாதி தப்பு.
அவர், "போதும்."

தம் முன்னாலிருந்த கணவாய்க் கால் முழுவதையும்
முழங்கையால் நடுவே நகர்த்தினார்,
சாப்பிட்ட தட்டை ஒதுக்குகிற மாதிரி.
சொன்-ரே கவிழ்த்தாள். பான் கவிழ்த்தான்.
என் மூன்றுகால் நாயை நானும் கவிழ்த்தேன்.

ஒலிபெருக்கி அவர் வண்டி எண்ணைக் கூப்பிட்டது.
கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.
கட்டாமல் ஜெயித்தவன் சீட்டைத் திருப்பிப் பார்ப்பது மரியாதையில்லை.
சொன்-ரே திருப்பினாள்.

கிளாவர் நான்கு.
கிளாவர் ஒன்பது.
கிளாவர் பத்து.
கிளாவர் ராணி.

நான்கு சீட்டுக்கு மதிப்பு ஒன்று.
இதைவிட மோசமான கையை
பான் பதினோரு வருடத்தில் பார்த்ததில்லையாம்.
நான் தேடிய நான்கு
இரவு முழுக்க அவரிடம் இருந்திருக்கிறது.

"என்ன துணிச்சல்," என்றான் பான்.
நான் யோசித்துப் பார்த்தேன்.
சீட்டின் விளிம்பை அவர் தூக்கிப் பார்த்த ஞாபகம்
எனக்கில்லை. சொன்-ரேவுக்கும் இல்லை.
இடது கையில் கைபேசி இருந்தது.
வெளிச்சம் அணைய அணைய
கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்,
மணி அடிக்கவேயில்லை.

வெளியே போய்ப் பெட்டிகளைப் பார்த்தேன்.
மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினேழு.
எழுதிக்கொண்டேன்.

அவர் ஜெயித்ததைப் பொட்டலமாக மடித்து
மேலே பெயர் எழுதி அலமாரியில் வைத்தோம்.
மூன்று நாள் யாரும் தொடவில்லை.
நான்காம் நாள் சொன்-ரே ஒரு காலை எடுத்துத் தின்றாள்,
பொட்டலத்தை முன்பிருந்த மாதிரியே
மறுபடி மடித்து வைத்தாள்.